சலூன் தொழிலுக்கும் பஞ்சாங்கம் உண்டு

பிளஸ் டூ முடித்த மகன் சலூன் வேலைதான் கற்பேன் என்கிறான். அவன் சித்தப்பாவோ, கடன் வாங்கியாவது இன்ஜினீயரிங்கில் சேருங்கள், நம் வீட்டுப் பிள்ளை கத்தரிக்கோல் பிடிப்பதா என்கிறார். 'அந்த வருமானம் ஒரு மாதம் இருந்தால் மறுமாதம் இருக்காதாமே' என்பது உங்கள் கவலை.

அம்மா, அந்தக் கடனைச் சித்தப்பா கட்டப்போவதில்லை. மனமில்லாத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். கத்தரிக்கோலில் சாதி பார்க்கும் பேச்சுக்குப் பதில்கூட வேண்டாம்.

வருமானம் ஏறி இறங்கும், உண்மைதான். ஆனால் எப்போது என்பது முன்கூட்டியே தெரியும். செவ்வாயன்று பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. வெள்ளியிலும் அமாவாசையிலும் முடி வெட்டாத வீடுகள் உண்டு. ஞாயிறு காலை ஏழு மணிக்கே பெஞ்ச் நிரம்பிவிடும். ஒரு கட்டிங்குக்கு 25 நிமிடம் என்றால், அன்று முடியை நேராக்கும் மூன்றரை மணி நேர ஸ்மூத்தனிங்கை ஒப்புக்கொண்டால் எட்டுப் பேர் எழுந்து போவார்கள். அதில்தானே காசு அதிகம் என்று தோன்றும். ஆனால் ஸ்மூத்தனிங் கேட்பவரைப் புதன் மதியம் வரச்சொன்னால் வருவார். கட்டிங்குக்கு வந்த, ஞாயிறு மட்டும் லீவு உள்ளவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

ஆண்டில் உச்சம் தீபாவளிக்கு முந்தைய பத்து நாள். முதன்முறை டை போடுபவருக்குக் காதுக்குப் பின்னால் தடவி, ஒவ்வாமை வருகிறதா என்று 48 மணி நேரம் பார்க்க வேண்டும். கடைசி நாள் வந்து அவசரப்படுத்துபவருக்குத்தான் முகம் வீங்கும். ஸ்மூத்தனிங் செய்த முடியை மூன்று நாள் நனைக்கக் கூடாது என்பார்கள். தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியல்! ஆகவே அதை ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

அடுத்து வருவது மந்தம். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் விரதம் முடியும்வரை முடியும் தாடியும் எடுக்கமாட்டார்கள். மார்கழியில் கல்யாணமும் இல்லை. கடை வாடகை மட்டும் நிற்காது. அந்த இரண்டு மாத வாடகையைத் தீபாவளிக் கல்லாவிலேயே எடுத்து வைக்காதவர்தான் வட்டிக்கு வாங்குகிறார். பொங்கலுக்குத் தாடிகள் இறங்கும், தையில் முகூர்த்தம் தொடங்கும். ஜூனில் பள்ளிப் பிள்ளைகள். ஆடியில் மணப்பெண் அலங்காரம்தான் படுக்கும், கட்டிங் அவ்வளவாகக் குறையாது.

படிப்புக்கு, அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) காஸ்மெட்டாலஜி எனும் அழகுக்கலை ஓராண்டுப் பிரிவைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு போதும், கல்விக் கட்டணம் இல்லை. சில ஐடிஐக்கள் மகளிருக்கு மட்டுமானவை. முதலில் அதைக் கேளுங்கள். பையன் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

முடித்ததும் சொந்தக் கடை வேண்டவே வேண்டாம். இரண்டு தீபாவளியும் இரண்டு கார்த்திகையும் இன்னொருவர் கடையில் பார்க்கட்டும்.

விண்ணப்பம் வாங்குமுன் தெரிந்த கடையில் ஒரு சனி, ஞாயிறு முழுக்க நிற்கவிடுங்கள். முடி கூட்டட்டும், துண்டு துவைக்கட்டும். திங்கட்கிழமை கால் வலியோடு என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். சித்தப்பாவை அப்போது கூப்பிட வேண்டாம்.