கீமோவும் ஏறும் எடையும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் எழுதுகிறேன். எனக்கு 46 வயது, திண்டுக்கல் பக்கம் பள்ளி ஆசிரியை. இடது பக்கம் ஆபரேஷன் முடிந்து, அக்குளில் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்துவிட்டு, இப்போது கீமோ. சிவப்பு நிறக் கீமோ மருந்து நாலு தடவையும் முடிந்தது, இனி வாராவாரம் பாக்லிடாக்செல் என்ற மருந்து என்றார்கள். மெலிந்துபோவேன் என்று நினைத்திருந்தேன், 5 கிலோ ஏறிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் "உன்னைப் பார்த்தா சீக்காளி மாதிரியே இல்லையே" என்கிறார்கள், பாராட்டா குத்தலா தெரியவில்லை. மாமியார் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. கொழுந்தனார், இனிப்பும் சோறும்தான் புற்றை வளர்க்கின்றன என்று ஒரு வீடியோவை அனுப்பி, ஜூஸ் மட்டும் குடித்து எடையைக் குறைக்கச் சொல்கிறார். நான் நடக்கலாமா? உடம்பைக் குறைக்கலாமா? டாக்டரிடம் நின்று கேட்க முடியவில்லை, பின்னால் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள்.

ம.

அன்புள்ள ம.,

நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். உடம்பைக் குறைக்கும் வேலையை மட்டும் இப்போது தொடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, இதே மருந்துகளை ஏற்றிக்கொண்டவள், அதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தவள், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் என்றாலே எலும்பும் தோலுமாக ஆவது என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. மார்பகப் புற்றுக்கான கீமோவில் எடை ஏறுவதும் சர்வ சாதாரணம். வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் முன்கூட்டியே கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, அது பசியைக் கிளப்பும், நீரையும் உடம்பில் தேக்கும். வயிறு காலியானால் குமட்டும், ரஸ்க்கோ பன்னோ கடித்தால் அடங்கும், அப்படியே நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டிருப்போம். அசதியில் படுத்தே கிடக்கிறோம். உங்கள் வயதில் கீமோ மாதவிடாயையும் நிறுத்திவிடக்கூடும். இத்தனையும் சேரும்போது கொழுப்பு ஏறுகிறது, தசை கரைகிறது. தராசு இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணைக் காட்டுகிறது, அதனால்தான் 5 கிலோ ஏறிய பிறகும் மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது. (திடீரென்று ஒரு வாரத்தில் எடை ஏறி, கால் வீங்கி, மூச்சும் வாங்கினால் அது வேறு விஷயம். சிவப்பு மருந்து இதயத்தைத் தொடக்கூடியது, அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.)

இந்த நிலையில் பட்டினி கிடந்தால் மிச்சமிருக்கும் தசையும் கரையும். கொழுந்தனாரிடம் ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் ஒரு வாய் சோறு சாப்பிடாவிட்டாலும் உடம்பு ரத்தத்தில் சர்க்கரையைக் குறையவிடாது, தசையைக் கரைத்தாவது ஈரல் அதைத் தயாரித்துவிடும், சோற்றை விட்டுப் புற்றைப் பட்டினி போட முடியாது. அவர் குடிக்கச் சொல்லும் ஜூஸ் மட்டும் என்ன, சக்கை எடுத்த சர்க்கரைத் தண்ணீர்தானே? அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம், ஆஸ்கோ, 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சிகிச்சை நடக்கும்போதே நடை மாதிரியான பயிற்சியும் தசைக்கான பயிற்சியும் செய்யச் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், சிகிச்சையின்போது எடையைக் குறைப்பது பற்றி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று நிறுத்திக்கொள்கிறது. அப்புறம், கீமோ அளவே உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பது அதற்கும்தான். யாருக்கும் தெரியாமல் டயட் இருப்பது அந்தக் கணக்கில் கை வைப்பது.

சாப்பாட்டில் நான் மாற்றச் சொல்வது ஒன்றைத்தான், புரதம். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் என்பது பொதுக் கணக்கு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சீக்காளிக்குக் கொடுக்கும் கஞ்சியிலும் ரசம் சாதத்திலும் அது மிகக் குறைவு. ஆட்டுக்கால் சூப்பை மாமியார் ஆசையாக வைத்துக் கொடுத்தால் குடியுங்கள், ஆனால் அதை நம்பி முட்டையை விட்டுவிடாதீர்கள். முட்டை, மீன், கெட்டிப் பருப்பு, சுண்டல், எல்லாம் நன்றாக வெந்ததாக. பச்சை முளைப்பயறு வெள்ளை அணு குறையும் நாட்களில் வேண்டாம்.

இனி மாமியாரின் செம்பு. நெறி எடுத்த கையால் எதையும் தூக்காதே, கை வீங்கிவிடும் என்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, டாக்டர்களே வெகுகாலம் அப்படித்தான் சொன்னார்கள். 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் அதைச் சோதித்துப் பார்க்க, மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போடவைத்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க இப்படிப் படகோட்டும் பெண்கள் குழுக்கள் இருக்கின்றன, அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், எனக்கு அவை எந்த ஆறுதல் வார்த்தையையும்விட உதவின. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸின் குழு ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களிடம் செய்த ஆய்வு இன்னும் உறுதியானது. வாரம் இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சி செய்து, மிகக் குறைந்த எடையில் ஆரம்பித்து மெல்ல ஏற்றியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, வீக்கம் இடையிடையே முற்றித் தொல்லை தருவதும் பயிற்சி செய்யாதவர்களைவிடப் பாதிதான். ஆனால் அவர்கள் பயிற்சியாளர் முன்னால், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை மாட்டிக்கொண்டு செய்தார்கள், நேராகப் போய்க் குடத்தைத் தூக்கவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் இருப்பார், கேட்காவிட்டால் பாதி இடங்களில் அனுப்ப மாட்டார்கள், நீங்களே கேளுங்கள். முதலில் தோள் முழுதாக உயர வேண்டும், சுவரில் விரலால் ஏறும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், விட்டிருந்தால் திரும்ப ஆரம்பியுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். கால்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடிக்காமல் எழுந்திருப்பதே போதும்.

நடைக்கு வாரம் மூன்று நாள், ஒருநாளைக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றில்லை, பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ஊசி போட்ட பிறகு எந்த நாளில் உடம்பு விழுகிறது, எந்த நாளில் எழுகிறது என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விழும் நாளில் வாசல்வரை போய்வந்தாலும் சரி. விசித்திரம் என்னவென்றால், கீமோ அசதிக்குப் படுக்கையைவிட நடைதான் நன்றாகக் கேட்கிறது. பாக்லிடாக்செல்லில் பாதம் மரத்துப்போகலாம், அதனால் வெறுங்காலுடன் வேண்டாம், இருட்டில் மொட்டைமாடியும் வேண்டாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், பிளேட்லெட் ரொம்பக் குறைவு என்று சொன்ன நாட்கள், இவற்றில் பயிற்சி கிடையாது. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் பயிற்சியைப் பற்றிய பேச்சே இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான், ராத்திரி என்றாலும்.

எடையைக் குறைக்கும் பேச்சை கீமோவும் ரேடியேஷனும் முடிந்த பிறகு எடுக்கலாம், நிதானமாக. டாக்டரிடம் நிற்க நேரமில்லை என்றீர்கள். அடுத்த ஊசியன்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்: என் எக்கோ (இதய ஸ்கேன்) எப்படி இருக்கிறது, ஹீமோகுளோபின் எவ்வளவு, நடையும் கைப்பயிற்சியும் செய்யலாமா, பிசியோதெரபிக்குச் சீட்டு தருவீர்களா. பின்னால் நிற்கிறவர்கள் இரண்டு நிமிடம் பொறுப்பார்கள்.