படம் யாருக்குச் சொந்தம்? – கேமரா கேள்வி பதில்

அக்கா, போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு 4,000 ராண்ட் வாங்கிக்கொண்டு படம் எடுத்துக் கொடுத்தேன். இப்போது அந்த மண்டபக்காரர்கள் நான் எடுத்த மணமேடைப் படத்தைத் தங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். என் படம்தானே, காசு கேட்கலாமா? – வாசகர், சாட்ஸ்வொர்த்

கேட்க முடியாது தம்பி. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ படம் எடுக்கச் சொன்னால், பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். நீங்கள் 4,000 ராண்ட் வாங்கிய அன்றே உரிமை கல்யாண வீட்டாருக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் தனியாகத் தொழில் செய்கிற படக்காரருக்குத்தான் உரிமை என்பதால், யூடியூபில் அங்கிருந்து பேசுகிறவர்கள் "எடுத்தவருக்கே சொந்தம்" என்பார்கள். அதை நம்பி நம் பிள்ளைகள் பலர் ஏமாறுகிறார்கள். இந்தியச் சட்டமும் இந்த விஷயத்தில் நம் சட்டத்தைப் போலத்தான்.

ஆனால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 20-ஆம் பிரிவின்படி, உரிமை கைமாறிய பிறகும் "இது நான் எடுத்தது" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களிடமே இருக்கிறது. பெயர் போடச் சொல்லி மண்டபத்துக்கு மரியாதையாக எழுதுங்கள். அதற்கு முன்னால் மணமக்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை என்றால் கோபப்பட வேண்டியவர்கள் அவர்கள். பதிப்புரிமை ஒருபுறம் இருக்க, தங்கள் முகத்தைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்டது தனிக் குற்றச்சாட்டு. முன்னாள் மிஸ் சவுத் ஆப்பிரிக்கா பசெட்சானா குமாலோ சைக்கிள் வாங்கப் போன இடத்தில் அவருக்குத் தெரியாமல் எடுத்த படத்தைக் கடை விளம்பரத்தில் போட்டார்கள். 2011-இல் ஜோஹன்னஸ்பர்க் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அடுத்த கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: "பதிப்புரிமை படம் எடுப்பவருக்கு. வீட்டார் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு பிரதி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்." இரண்டு பக்கமும் கையெழுத்து. இப்படி வேறு மாதிரி பேசிக்கொள்ள அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. சொந்தக்காரர் கல்யாணம் என்று கூச்சப்படாதீர்கள். சொந்தத்தில்தான் பின்னால் மனத்தாங்கல் அதிகம் வரும்.

ஜன்னல் ஓரத்தில் பாட்டியை உட்கார வைத்துப் படம் எடுத்தேன். வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் மென்மையானது என்று படித்துவிட்டு அப்படியே செய்தேன். முகத்தில் பாதி வெளுத்துப் போய்விட்டது. – வாசகி, ஃபீனிக்ஸ்

நீங்கள் படித்தது பூமியின் வட பாதியில் இருக்கிறவர்கள் எழுதியது. அவர்களுக்குச் சூரியன் தெற்கே போகும், அதனால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. டர்பனில் நமக்குச் சூரியன் வடக்கே. பாட்டியைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள். கோடையில் மட்டும் காலையிலும் சாயங்காலத்திலும் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும், அப்போது ஒரு வெள்ளை வேட்டியைத் திரை போலத் தொங்கவிட்டால் போதும். முகத்தின் மறுபக்கம் ரொம்ப இருண்டால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை அட்டை.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது. – வாசகர், ஐசிபிங்கோ

பூஞ்சை. கடற்கரை ஊர் ஈரத்துக்கு இது வரும். ஆரம்பம் என்றால் பழுது பார்ப்பவர் திறந்து துடைத்துவிடுவார், கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் தழும்பு போகாது. தோல் பையிலும் துணி அலமாரியிலும் கேமராவை வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் நிம்மதி.

எங்கள் கோயில் தீமிதியை எடுக்க வேண்டும். போன முறை எடுத்ததில் தணல் வெள்ளைத் திட்டாகவும் ஆட்கள் கறுப்பாகவும் வந்தார்கள். என்ன செட்டிங் வைக்கட்டும்? – வாசகர், டோங்காட்

இருட்டுகிற நேரத்தில் கேமரா தானாக அளந்தால் சுற்றியிருக்கிற இருட்டைப் பார்த்துக் குழம்பும், அல்லது தணலைப் பார்த்துக் குழம்பும். அதனால் மேனுவல் வையுங்கள். ஷட்டர் 1/500 (ஒரு நொடியில் ஐநூறில் ஒரு பங்கு நேரம்தான் திறக்கும்), இல்லாவிட்டால் ஓடுகிற கால் கலைந்துவிடும். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 2.8, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 3200-இல் ஆரம்பித்து, முதல் ஆள் இறங்குவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கும் ஒருவர் முகத்தை எடுத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். தணல் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும், முகம் முக்கியம். ரா ஃபைலில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில், எடுங்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள், ஆட்டோவில் விட்டால் அந்தச் செம்மஞ்சளைத் துடைத்துவிடப் பார்க்கும். புகையில் ஆட்டோஃபோகஸ் அலையும். குழி முடிகிற இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் பிடித்து வைத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். எல்லோரும் இறங்குகிற பக்கம் கூடுவார்கள். ஆனால் ஏறி வருகிறவர் முகத்தில்தான், நாற்பது நாள் விரதம் முடிந்தது என்கிற அந்தத் தளர்ச்சி தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கண் கூசினால் கால் தடுமாறும்.

டிரோன் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர் ஆட்களிடமிருந்து 50 மீட்டருக்குள் வரக்கூடாது என்பது இந்த நாட்டு விதி. திருவிழாக் கூட்டத்தில் அது நடக்காத காரியம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு தைப்பூசத்தில், காவடியோடு அருள் வந்து ஆடிய ஒரு பெண்ணை எடுத்தேன். அலகு, கண்ணீர், பின்னால் காலை வெயில். என் வாழ்நாளின் நல்ல படம் என்று நினைத்து ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் மகள் வந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, அம்மா எதுக்காக நேர்ந்துக்கிட்டாங்கன்னு எங்க வீட்ல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இப்ப எல்லாரும் கேக்குறாங்க" என்றாள். அன்றே படத்தை இறக்கினேன். எடுத்தது பொது இடம், சட்டம் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் அருள் வந்திருக்கிறவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அதனால் இப்போது விரதக் காலத்திலேயே கோயிலுக்குப் போய், யார் யார் இறங்குகிறார்கள் என்று கேட்டு, அவர்களிடமே பேசிவிடுகிறேன். வேண்டாம் என்றவர் ஏறி வரும்போது கேமராவை இறக்கிவிடுவேன். சரி என்றவர்களுக்குத் திருவிழா முடிந்து ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

1958-இல் ஸ்டூடியோவில் எடுத்த தாத்தா பாட்டி கல்யாணப் படம் இருக்கிறது. ஸ்டூடியோ எப்போதோ மூடிவிட்டது. குடும்ப மலரில் அச்சிட யாரிடம் அனுமதி வாங்குவது? – வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

யாரிடமும் வேண்டாம் அம்மா. புகைப்படத்துக்கு இங்கே பதிப்புரிமை 50 வருடம். வெளியிடாத வீட்டுப் படத்துக்கு அது எடுத்த வருட முடிவிலிருந்து கணக்கு, ஆக 2008-ஓடு முடிந்தது. அது இருந்த காலத்திலும் காசு கொடுத்து எடுத்த தாத்தாவுக்குத்தான் சொந்தமாக இருந்திருக்கும். தைரியமாக அச்சிடுங்கள். 600 டிபிஐ-இல் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் ஃபைலாக வையுங்கள், மஞ்சள் கறையை நீக்க அது உதவும். பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் பாட்டி கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். பக்கத்தில் நிற்கிற தோழிப் பெண் யார் என்று தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.