குடிகாரக் குங்ஃபூ: கேட்டவையும் பதில்களும்

12 வருடமாக வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலை பழகுகிறேன். அதில் குடிகாரன்போலத் தள்ளாடியபடியே சண்டை போடும் போதை முஷ்டி, சீனத்தில் ட்சுய் ச்சுவான், எனக்கு உயிர். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, நிஜமாகவே குடித்துவிட்டுத்தான் ஆடுவார்களா?

ஒரு சொட்டுகூடக் கூடாது தம்பி. உடம்பில்தான் போதை, மனசில் இல்லை என்பதுதான் இந்தக் கலையின் மூலவாக்கு. விழப்போகிற கோணத்தில் சாய்ந்து, ஒற்றைக்காலில் நின்று, அங்கிருந்தே உதைக்க வேண்டும். குடித்தால் முதலில் போவது அந்தச் சமநிலைதான்.

ஆனால் வூ சோங் குடித்துவிட்டுத்தானே புலியை அடித்தான்?

நல்ல கேள்வி. சீனப் பழங்கதையில் அவன் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துவிட்டு மலை ஏறுகிறான், சரி. ஆனால் அவன் ஓங்கிய கம்பு புலிமேல் விழவே இல்லை. மரத்தில் பட்டு இரண்டாக முறிந்துபோனது. அப்புறம்தான் வெறுங்கையால் அடித்துக் கொன்றான். அந்த முறிந்த கம்பை யாரும் நினைவில் வைப்பதில்லை.

இதை உருவாக்கியவர் யார்? ஜாக்கி சான் படத்தில் வரும் அந்தக் கிழவரா?

1978 படத்தில் வரும் குரு, 'கன்டனின் பத்துப் புலிகள்' என்று பேசப்படும் வீரர்களில் ஒருவரான பிச்சைக்கார சோவை வைத்து உருவான பாத்திரம். ஜாக்கி நடித்த வொங் ஃபே-ஹுங்கும் நிஜ மனிதர்தான். ஆனால் அவர் பேர்போனது ஹுங் கா என்ற தென்சீனக் குங்ஃபூ பாணியில். போதை முஷ்டிக்குத் தனி ஒரு கர்த்தா கிடையாது. வடக்கு, தெற்கு இரண்டிலும் பல பாணிகள் தங்களுக்கென்று ஒரு போதை ஆட்டத்தை வைத்திருக்கின்றன. அதனால்தான் ஒரு ஆசானின் ஆட்டம் இன்னொருவருடையதுபோல் இருப்பதில்லை.

அப்படியானால் போதிதர்மர்?

அவர் காஞ்சியிலிருந்து போனவர் என்ற மரபை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் பெயரில் சொல்லப்படும் யீஜின்ஜிங் என்ற பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

சார், போதை முஷ்டியின் அந்தக் கைமுத்திரை எப்படிப் பிடிப்பது?

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சின்ன மதுக்கோப்பையைப் பிடித்ததுபோல் வளைய வேண்டும். மற்ற மூன்றும் உள்ளே மடங்கும். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதுபோல் கை மேலே எழும்போது, மடங்கிய மணிக்கட்டின் மேல்பக்கம் எதிராளியின் தாடையில் போய் அடிக்கும். அதே இரண்டு விரல் குரல்வளையையும் பிடிக்கும். பார்ப்பவருக்குக் குடிக்கிற ஜாடை, வாங்குபவருக்கு அடி. இன்றே கண்ணாடி முன் நின்று மெதுவாகச் செய்து பாருங்கள், புரியும்.

இந்த ஆட்டத்தில் எட்டு தேவர்கள் வருவார்கள் என்கிறார்களே?

சீனாவின் தாவோ சமய மரபில் வரும் எண்மர். ஒவ்வொருவரின் குணத்துக்கும் ஒரு அசைவு. இரும்புக் கோல் லீ கால் ஊனமானவர், அவர் பகுதியில் ஒரு காலில் நொண்டியபடியே சண்டை. ஹே ஷியன்கூ எண்மரில் பெண், அவருடையதில் இடுப்பு நெளிந்து அடியிலிருந்து நழுவும்.

தெருச்சண்டைக்கு உதவுமா?

முழு ஆட்டமாக, உதவாது. விழக் கற்றது மட்டும் ஆயுசுக்கும் உதவும்.

எனக்கு வயது 34. இப்போது ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. ஆனால் தள்ளாட்டத்தை முதலில் தொடாதீர்கள். ஆறு மாதம் குதிரை நிலை, வில் நிலை என்ற அடிப்படை நிற்கும் முறைகள் மட்டும். அப்புறம் விழுவது: தாடை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், முதுகு வளைய வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். நான் அவசரப்பட்டு வீடியோ பார்த்து மொட்டைமாடி சிமெண்ட் தரையில் விழுந்தேன். ஆறு வாரம் வலது கையால் சட்டைகூடப் போட முடியவில்லை. தடிமனான பாய் விரித்து, பக்கத்தில் ஒரு ஆசான் இருக்கும்போது மட்டும் விழுங்கள்.