ஸ்டார்ட்டரை எப்போ எடுக்கணும்? பேஸ்பால் கேள்வி பதில்

நள்ளிரவு ரசிகன்: அண்ணா, குவாலிட்டி ஸ்டார்ட்னா என்ன?

மேட்ச்சை ஆரம்பிச்சுப் பந்து வீசுற பிட்சர்தான் ஸ்டார்ட்டர். அவர் ஒன்பதுல ஆறு இன்னிங்ஸாவது போட்டு, மூணு எர்ன்ட் ரன்னுக்கு (ஃபீல்டர் தப்பால வராத ரன்) மேல குடுக்காம இருந்தா குவாலிட்டி ஸ்டார்ட். ஆறுக்கு மூணுன்னா ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை எர்ன்ட் ரன்ங்கிற சராசரி, 4.50 வருது. அதுல என்ன குவாலிட்டின்னு பேரு வெச்சவங்களைத்தான் கேக்கணும்.

மெட்ஸ் பாவி: பத்தே வின் எடுத்தவருக்கு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது குடுத்தது சரியா?

2018 ஜேக்கப் டிகிராம்தானே? பத்து வின், ஒன்பது தோல்வி, ஆனா ஈஆர்ஏ 1.70. அவர் போடுற நாள்ல உங்க மெட்ஸ் ஆளுங்க பேட்டை வீட்டுல மறந்துட்டு வந்தா அவர் என்ன பண்ணுவார்? வின் கணக்கைப் பாத்து பிட்சரை எடை போடாதீங்க.

சின்னக்குட்டி: 2020 வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனை முடிவு பண்ற ஃபைனல் தொடர்) ஆறாவது மேட்ச். ஸ்னெல்லை ஏன் தூக்கினாங்க? இன்னும் வயிறு எரியுது.

டாட்ஜர்ஸுக்கு எதிரா ஸ்னெல்லோட ரேஸ் டீம் 1-0 முன்னாடி. பிளேக் ஸ்னெல் 73 பந்துல 9 ஸ்ட்ரைக்கவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர் அவுட்), ஆறாவது இன்னிங்ஸ்ல ரெண்டாவது ஹிட் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் வந்துட்டார். அடுத்து டாட்ஜர்ஸ் பேட்டர் மூக்கி பெட்ஸ், அன்னிக்கு மூணாவது தடவையா வர்றார். ஒரு பேட்டர் அதே பிட்சரை மூணாவது தடவை பாக்கும்போது கை எங்கிருந்து வருது, ஸ்லைடர் எப்போ வளையுதுன்னு ஓரளவு பிடிபட்டுடும். பந்தோட வேகம் குறையாட்டியும் அடி விழும். கேஷ் பயந்தது அதுக்குத்தான். ஸ்னெல்லும் அந்த வருஷம் ஒரு மேட்ச்லகூட ஆறு இன்னிங்ஸ் முடிக்கல.

ஆனா பெட்ஸ், அவருக்குப் பின்னாடி வர்ற சீகர், டர்னர் மூணு பேரும் அன்னிக்கு அவர்கிட்ட ஆறு தடவை வந்து ஆறும் ஸ்ட்ரைக்கவுட். பொதுவா என்ன நடக்கும்ங்கிறது வேற, கண்ணு முன்னாடி நடக்கிறது வேற. ஸ்னெல்லுக்குப் பதிலா உள்ள வந்த ரிலீவர் (மாற்று பிட்சர்) நிக் ஆண்டர்சன்கிட்ட பெட்ஸ் டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் போற ஹிட்) அடிச்சார், அந்த இன்னிங்ஸ்லயே டாட்ஜர்ஸ் 2-1. கடைசியில 3-1, கோப்பையும் போச்சு.

புல்பென் தாசன்: முடிவு தெரிஞ்சப்புறம் யார் வேணா திட்டலாம். ஆண்டர்சன் பெட்ஸை அவுட் ஆக்கியிருந்தா கேஷ் மேதைன்னு நீங்களே எழுதியிருப்பீங்க!

எழுதியிருக்க மாட்டேன். ஸ்டார்ட்டரை எடுத்தது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. அதுக்கு முன்னாடி கடைசியா போட்ட ஆறு மேட்ச்லயும் ரன் குடுத்திருந்த ரிலீவரை ஏத்தினதுதான் தப்பு. குதிரையை விட்டு இறங்கலாம், எதுல ஏறப்போறோம்னு பாத்துட்டு இறங்கணும்.

புல்பென் தாசன்: அப்போ ஆண்டர்சனை வருஷம் பூரா நம்பினது எதுக்காம்?

ரெகுலர் சீசன்ல பிரமாதமாத்தான் போட்டார். அக்டோபர் பிளேஆஃப்ல கை ஓஞ்சிருந்தது. நீங்க காகிதத்தைப் பாக்குறீங்க, நான் பந்தைப் பாக்குறேன். இதோட விடுவோம்.

டாட்ஜர் மாமா: 2022ல கெர்ஷாவை ஏழு இன்னிங்ஸ் பெர்ஃபெக்டா, ஒருத்தரையும் பேஸுக்கு விடாம போட்டப்புறம் எடுத்தாங்களே, அநியாயம் இல்லையா?

80 பந்து, 13 ஸ்ட்ரைக்கவுட், எனக்கும் மனசு கேக்கல. ஆனா லாக்கவுட்டால (டீம் ஓனர்கள் பண்ண கதவடைப்பு) ஸ்பிரிங் டிரெய்னிங், அதாவது சீசனுக்கு முந்தின பயிற்சி, சுருங்கியிருந்தது, முந்தின வருஷம் கை வலியில போனவர். எடுத்தது சரின்னு அவரே சொன்னார்.

கணக்குப்பிள்ளை: 100 பந்து தாண்டினா எடுத்தே ஆகணுமா?

இல்ல.

வேற ஒருத்தர்: 100 பந்துதான் லிமிட்டா?

மேல பாருங்க.

இன்னொருத்தர்: ஏன் சரியா 100?

மூணாவது தடவை இதே கேள்வி. என் பந்து உங்களுக்குப் பழகிடுச்சு போல. 100ங்கிறது ரவுண்டா இருக்கிறதால ஒட்டிக்கிட்ட எண்ணு, அவ்வளவுதான். மறுபடியும் சொல்றேன், வின் கணக்கையும் பாக்காதீங்க.

கிரிக்கெட் கிறுக்கன்: பும்ரா பேஸ்பால் ஆடினா?

கிரிக்கெட் ஆளுங்ககிட்ட கேளுங்க.

புதுசு: ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா?

2025 வேர்ல்ட் சீரிஸ் ரெண்டாவது மேட்ச். டொராண்டோல டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோ 105 பந்துல ஒன்பது இன்னிங்ஸும் தானே முடிச்சார், கடைசி 20 பேர்ல ஒருத்தர்கூட பேஸுக்குப் போகல. தாசன், நீங்களும் பாருங்க.