ஃபைபர் படகில் போன பழைய வித்தை

கேள்வி: பூர்வகுடி மக்களின் கலையையும் அறிவையும் மாறாமல் அப்படியே காப்பாற்ற வேண்டுமா? காலத்துக்கேற்ப மாற்றினால் போலியாகிவிடாதா?

பதில்: எதை மாற்றுகிறார்கள், மாற்றுவது யார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஹவாய் மக்களைப் பாருங்கள். கருவி எதுவும் இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையின் போக்கையும் வைத்தே நெடுங்கடல் தாண்டும் வித்தை அவர்களிடம் எப்போதோ அற்றுப்போயிருந்தது. 1975-ல் ‘ஹோகுலேஆ’ என்ற இரட்டைப் படகைக் கட்டினார்கள்; வடிவம் பழசுதான், ஆனால் ஒட்டுப்பலகையும் ஃபைபர் கிளாஸும் போட்டுக் கட்டியது. மறுவருடமே அது சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து தென் பசிபிக்கில் இருக்கும் தஹிதி தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. வழிகாட்டியவர் ஹவாய்க்காரரே இல்லை, மைக்ரோனேசியாவில் சதவால் என்ற குட்டித் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். வெளியாருக்குச் சொல்லித்தரக் கூடாத வித்தை அது. ஆனால் சொந்தத் தீவிலேயே கற்க ஆள் குறைந்துகொண்டு வர, மனிதர் கட்டுப்பாட்டை மீறினார், ஏச்சும் வாங்கிக்கொண்டார். அவரிடம் கற்ற ஹவாய்க்காரர் நைனோவா தாம்சன் 1980-ல் தானே வழிநடத்தித் தஹிதி போய்த் திரும்பினார். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், எந்த நட்சத்திரம் எங்கே எழுகிறது, எங்கே மறைகிறது என்பதை அவர் ஹொனலுலு பிஷப் அருங்காட்சியகத்தின் கோளரங்கத்தில் உட்கார்ந்தும் படித்தார் என்பதுதான். இவ்வளவு மாற்றத்துக்கும் சரி சொன்னவர்கள் திசைகாட்டியை மட்டும் படகில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் அது வெறும் உல்லாசப் பயணம்.

கேள்வி: அழிவதற்குள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்ததே?

பதில்: தீராது, சில சமயம் புது வம்பே கிளம்பும். 1971-ல் மத்திய ஆஸ்திரேலியாவின் பபுன்யாவில் பூர்வகுடிப் பெரியவர்கள், அதுவரை மணலிலும் உடம்பிலும் வரைந்துவந்த வடிவங்களைப் பலகையில் தீட்ட ஆரம்பித்தார்கள். தீட்சை பெற்ற ஆண்கள் மட்டுமே பார்க்கலாம் என்றிருந்த சின்னங்களும் சிலவற்றில் வந்துவிட, மற்ற பாலைவனச் சமூகத்தார் கொதித்துப்போனார்கள். அப்புறம் ஓவியர்களே அவற்றைத் தவிர்த்தார்கள், புள்ளிகளால் மூடினார்கள். இன்று உலகமே கொண்டாடும் புள்ளி ஓவியப் பாணி பெருகியதற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம். ஆகவே கேமராவை எடுக்கும் முன் எதை எடுக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கேட்பவர் எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளராக இருந்தாலும்.

கேள்வி: பூர்வகுடி இளைஞர்கள் தங்கள் மொழியில் ராப் பாடுகிறார்களே, இது சரியா?

பதில்: பாட மொழி தெரிந்த பிள்ளைகள் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். நியூசிலாந்தில் மாவோரி பேசும் குழந்தைகள் அருகிப்போன நிலையில்தான் 1982-ல் ‘கோஹங்கா ரேஓ’ என்ற மழலையர் கூடங்களைத் தொடங்கி, தாத்தா பாட்டிகளை உட்காரவைத்துக் குழந்தைகளோடு மாவோரியிலேயே பேசவைத்தார்கள். அப்படி வளர்ந்த பிள்ளை ராப் பாடினால் என்ன, தாராளமாகப் பாடட்டும்.