வெந்நீரை பேட்டரியில் தேடாதீர்கள்

நீலகிரி வாசகர்களின் சோலார் கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: ஊட்டிக் குளிரில் பேனல் வேலை செய்யுமா? (ஃபிங்கர்போஸ்ட்)

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் கோயம்புத்தூர் மொட்டைமாடிப் பேனல் 60 டிகிரி வரை கொதிக்கும். உங்களுக்கு அந்த நஷ்டம் குறைவு. நமக்குத் தொல்லை தருவது மூட்டம்தான்.

கேள்வி: 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி இரண்டு வைத்திருக்கிறேன். கீசர் ஓடுமா? (கோத்தகிரி)

ஓடாது, ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் ஒரு பேட்டரிக்கு 1.8 யூனிட். ட்யூபுலர் என்பது லெட் ஆசிட் பேட்டரி; அதன் சார்ஜை அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆக, இரண்டும் சேர்ந்து உங்கள் கைக்கு வருவது 1.8 யூனிட்தான், குளிரில் அதிலும் குறையும். 100 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் 3.5 யூனிட் வேண்டும்! மலையில் பல வீடுகளில் கரண்டை அதிகம் தின்பது வெந்நீர்தான். வெயிலின் சூட்டை நேராகத் தண்ணீரிலேயே சேர்த்து வையுங்கள். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் வாட்டர் ஹீட்டர் போதும். ஒரு ஜனவரி காலை தலைக்குந்தா பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் புல் முழுக்க உறைபனி, வெள்ளை வெளேரென்று. மாடி டாங்கிலிருந்து வந்த தண்ணீரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. முந்தைய நாள் வெயில் அது. டாங்கிலிருந்து இறங்கும் பைப்புக்கும் உறை போட மறக்காதீர்கள்.

கேள்வி: கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே, ஏமாந்துவிட்டேனா? (குன்னூர்)

இல்லை. ஆனால் மாட்டியவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். லைனில் மின்சாரம் இல்லையென்றால் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது) தானே அணைந்துவிடும். உங்கள் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால், கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. காற்றடித்தால் மரம் விழுந்து லைன் அறுகிற ஊர் நம்முடையது. லைனோடும் பேட்டரியோடும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும், பேட்டரியும் இருந்தால் லைட்டும் ஃபிரிட்ஜும் ஓடும். 2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் என்ற மாடி சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பேட்டரிச் செலவு உங்களுடையது.

கேள்வி: லித்தியம் பேட்டரி உறைபனியைத் தாங்குமா? (எமரால்டு)

0 டிகிரிக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றக்கூடாது, செல் கெட்டுவிடும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: ஆடி முழுக்க மழை. எத்தனை நாளுக்குத் தாங்கும் பேட்டரி வாங்குவது? (கூடலூர்)

ஒரு ராத்திரிக்கு. ஒரு வார மூட்டத்தைத் தாங்க வாங்கும் பேட்டரி மற்ற மாதங்களில் சும்மா கிடந்தே கிழடாகிவிடும். மழைக்காலத்தில் மின்வாரிய லைனை நம்புங்கள். உங்கள் சோலாரை முடக்கும் அதே மழைதான் 1932 முதல் பைக்காரா நீர்மின் நிலையத்தில் மின்சாரமாகிறது. குந்தாவில் கட்டப்படும் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையமும் பெரிய பேட்டரிதான்: மிஞ்சிய மின்சாரத்தால் அவலாஞ்சி–எமரால்டு அணைத் தண்ணீரை மேலே இருக்கும் போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் திரும்ப இறக்கும்.

கேள்வி: பேனலில் பாசி படிகிறது. (வெலிங்டன்)

மெல்லிய துணி, வெறும் தண்ணீர், அதிகாலை நேரம். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது.