யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குள் சென்று பார்க்க என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வரவிருக்கும் ஒருவர், பொது நூலகத்தை வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டால் போதுமா, உள்ளே சென்று பார்ப்பதற்கும் ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறார். பள்ளிக் காலம் தொட்டு அந்த நூலகத்தைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளே செல்லுங்கள், அதுவும் வாசகராகச் செல்லுங்கள்.

பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். கடைவீதியின் இரைச்சலைக் கடந்து மணிக்கூட்டுக் கோபுரத்தையும் சுப்பிரமணியம் பூங்காவையும் அண்டியதும் வெள்ளைக் குவிமாடங்கள் தெரியும். அப்பால் முற்றவெளி என்ற திறந்த மைதானமும் கோட்டையும் இருக்கின்றன. முகப்பில் சரசுவதி சிலை உண்டு. எல்லோரும் படம் எடுப்பது அதைத்தான். அதே வளவில் லோங் அடிகளாரின் சிலையும் நிற்கிறது. அதன் முன்னும் சற்று நில்லுங்கள். அயர்லாந்திலிருந்து வந்து சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த அவர், இந்தக் கட்டடம் எழுவதற்காக ஊர் ஊராக ஆதரவு திரட்டியவர்களுள் முதன்மையானவர். ஒரு கத்தோலிக்கத் துறவி முன்னின்று உழைத்த நூலகத்தின் வாசலில் கலைமகள் வீற்றிருப்பதை இங்குள்ளவர்கள் எவரும் விசித்திரமாகக் கருதியதில்லை.

பலர் இதனை அரசு கட்டிக்கொடுத்த நூலகம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். உண்மையில் இது தனியொருவரின் வீட்டில் தொடங்கியது. 1933 இல் அச்சுவேலியைச் சேர்ந்த க. மு. செல்லப்பா தம்மிடமிருந்த நூல்களை அயலவருக்கு வாசிக்கக் கொடுத்துவந்தார். பொதுமக்களுக்கான நூலகம் ஒன்று வேண்டுமென்று அவர் விடுத்த வேண்டுகோளைக் கேட்டு நகரத்துப் பிரமுகர்கள் கூடிக் குழு அமைத்தார்கள். 1934 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆஸ்பத்திரி வீதியில், வாடகை அறையொன்றில், 844 நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு நகர சபை அதைப் பொறுப்பேற்றதாயினும், பிந்திய காலத்திலும் அதை வளர்த்தது பொதுமக்களின் பணமே. புதிய கட்டடத்துக்கான நிதியில் ஒரு பகுதி களியாட்ட விழா நடத்தியும் அதிர்ஷ்டச் சீட்டு விற்றும் சேர்க்கப்பட்டது. கல்விக்குப் பணம் சேர்க்கச் சீட்டுக் குலுக்கலா என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கக்கூடும். எனக்கு அது இந்நகரத்தின் குணத்தையே காட்டுகிறது.

கட்டடத்தைத் திராவிடப் பாணியில் வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூலகத்தின் உள்ளமைப்புக் குறித்து ஆலோசனை வழங்கியவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீ. ரா. இரங்கநாதன். 1954 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959 ஒக்டோபர் 11 ஆம் திகதி அன்றைய மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். அருகிலுள்ள விளையாட்டரங்கு அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

1981 மே 31 ஆம் திகதி இரவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை ஒட்டிய வன்முறையில், பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த குண்டர்களும் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. சம்பத்திரிசியார் கல்லூரி வளவிலிருந்து அந்த நெருப்பைக் கண்ட மொழியறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர் நீத்தார். 97,000 என்ற எண்ணிக்கையையே எல்லோரும் சொல்கிறோம், ஆனால் இழப்பின் தன்மையை அது மட்டும் விளக்காது. இங்கிலாந்தில் அச்சான நூல் எரிந்தால் வேறொரு பிரதியை வாங்கி வைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலும் வண்ணார்பண்ணையிலும் இருந்த அச்சுக்கூடங்கள் சிறிய அளவில் அச்சிட்ட நூல்களுக்கும், குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து இறுதியில் நூலகத்தை நம்பி ஒப்படைத்த ஏட்டுச்சுவடிகளுக்கும் இரண்டாவது பிரதியை எங்கே தேடுவது? ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா போன்ற அறிஞர்களின் சேகரங்களும் அங்கேதான் இருந்தன. பாதுகாப்பான இடம் என்று கருதி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்ததனால், ஒரே இரவில் எல்லாம் போயின.

1984 இல் ஒரு பகுதி திருத்தித் திறக்கப்பட்டது, அடுத்த ஆண்டே அதுவும் சேதமுற்றது. பின்னர் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டைகளில் கட்டடம் குண்டுத் துளைகளோடு நின்றது. 1998 இல் தொடங்கிய புனரமைப்பு வேலை முடிந்து 2003 இல் நூலகம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. எரிந்த சுவர்களை வெள்ளையடித்து மறைப்பது சாட்சியத்தை அழிப்பதாகும், அந்த இடிபாட்டை அப்படியே விட்டுவிட்டு அருகில் புதிதாகக் கட்ட வேண்டும் என்று அக்காலத்தில் வலுவான வாதம் எழுந்தது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மேசையும் மின்விசிறியும் வேண்டும். நினைவுச் சின்னத்தில் அமர்ந்து படிக்க முடியாது. ஆகவே பழைய கட்டடத்தைத் திருத்தியதே சரி என்பேன்.

இனி உங்கள் வருகைக்கு வருவோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்ல வேண்டியிருக்கும். வெளியூர்ப் பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரம் வாசகர் நேரத்திலிருந்து வேறுபடக்கூடும், ஆதலால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுப்பதாயின் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்; படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் முகத்துக்கு நேரே கைத்தொலைபேசியை நீட்டுபவர்களைக் கண்டு நாங்கள் சலித்துப் போயிருக்கிறோம். பத்திரிகைப் பகுதியில் அமர்ந்து அன்றைய உள்ளூர் நாளிதழ்களை முழுவதுமாக வாசியுங்கள்: மரண அறிவித்தல்கள், கோயில் திருவிழா விளம்பரங்கள், காணி விற்பனை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். யாழ்ப்பாணத்தை அறிய அதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. பிறகு, நூல்களை அங்கேயே இருந்து பார்க்கும் உசாத்துணைப் பகுதிக்குச் சென்று, ஈழத்து எழுத்தாளர்களின் நூல்களில் ஏதேனும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால், வருமுன் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தைத் திறந்து பாருங்கள். பொது நூலகத்தோடு சேராத சுயாதீனமான அமைப்பு அது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து, எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. அங்கே உங்கள் ஆர்வத்துக்கு ஏற்ற ஓர் ஆசிரியரையோ ஊரையோ பிடித்துக்கொண்டு, அவரைப் பற்றி அல்லது அவ்வூரைப் பற்றித் தளத்தில் கிடைக்காத நூல் ஏதாவது இருக்கிறதா என்று பொது நூலகத்தில் விசாரியுங்கள். நூல்களை அன்பளிப்பாகக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், என்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள்.